மூடிக் கிடக்கும் ஸ்கீ மலையை வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில வெர்மான்ட் மாநிலத்தில் மூடிக் கிடக்கும் சின்ன பனிச்சறுக்கு மலை ஒன்று விலைக்கு வருது. நாலு பேர் சேர்ந்தா வாங்கிடலாம் போல. அப்புறம் என்ன செலவு வரும்?

பதில் 1: மெய்ன் மாநிலத்து சேடில்பேக் ஸ்கீ மலை 2015-இல் மூடினதே, ஆளுங்களை மலை மேல ஏத்துற புது லிஃப்ட்டுக்குப் பணம் புரளாமத்தான். 2020-இல் ஒரு முதலீட்டு நிதி வாங்கி, அதிவேக லிஃப்ட் போட்டுத்தான் திறந்தாங்க.

பதில் 2: இந்த மாதிரி மலையில கணக்கு பார்த்தவன் நான். லிஃப்ட்டைவிட செயற்கைப் பனிதான் ஆளை முழுங்கும். பம்ப், கம்ப்ரெசர், கரண்ட் பில் எல்லாம் நவம்பர்லயே வந்துடும். டிக்கெட் காசு கிறிஸ்துமஸுக்குத்தான். அந்த வாரம் மழை கொட்டிப் பனி கரைஞ்சா சம்பளத்துக்கே கடன். இன்சூரன்ஸ் எவ்வளவுன்னு கேட்டீங்களா?

பதில் 3: வெர்மான்ட்லயே இருக்கிற அஸ்கட்னி ஸ்கீ மலையைப் பாருங்க. 2010-இல் மூடி, லிஃப்ட்டெல்லாம் வித்துட்டாங்க. 2015-இல் வெஸ்ட் வின்ட்சர் ஊரே நிலத்தை வாங்குச்சு. இப்போ பிடிச்சுக்கிட்டு மேல போற கயிறு இழுவை, டி-பார்னு சொல்ற T வடிவக் கம்பி இழுவை, நடத்துறதுக்குத் தன்னார்வலர்கள். அவ்வளவுதான்.

கேட்டவர்: இன்சூரன்ஸ் கேட்கலை. நாளைக்கு ஃபோன் போடறேன்.