நீலத் தூள் மூன்று மணி நேரம் கழித்துத்தான் விழிக்கிறது. அந்த மூன்று மணி நேரத் தரவை நீக்கிவிடலாமா?

குவார்ட்ஸ்குழாய் எழுதியது:

ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். மீத்தேனையும் கார்பன் டைஆக்சைடையும் சேர்த்துத் தொகுப்பு வாயு (ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்தது) எடுக்கும் உலர் சீரமைப்புதான் என் வேலை. காமா அலுமினா மீது 10 சதவீதம் நிக்கல் ஏற்றி ஒரே தொகுதியாகத் தயாரித்து, அதை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியை 500 டிகிரி செல்சியஸில் சுட்டேன்; சாம்பல் கலந்த பச்சையாக வந்தது. மறு பாதியை 850 டிகிரியில் சுட்டேன், வானத்தின் நீலம். பார்க்க மிக அழகு.

இரண்டையும் தனிக் குழாய் உலையில் 5 சதவீத ஹைட்ரஜனில், 600 டிகிரியில் ஒரு மணி நேரம் ஒடுக்கினேன், அதாவது ஆக்சிஜனை நீக்கி நிக்கலை உலோகமாக்க முயன்றேன். இரவு குளிரவிட்டு, காலையில் வெளியே எடுத்து 200 மில்லிகிராம் நிறுத்து, 2 கிராம் குவார்ட்ஸ் மணலோடு கலந்து வினைக்குழாயில் நிரப்பினேன். படுகையின் உயரம் சுமார் 3 சென்டிமீட்டர். வெப்பநிலை 750, வாயுக்கள் ஒன்றுக்கு ஒன்று.

பச்சைத் தூள், வெளிவரும் வாயுவைப் பகுப்பாய்வுக் கருவியில் செலுத்திய முதல் ஊசியிலேயே 68 சதவீத மீத்தேன் மாற்றம் காட்டியது. பிறகு இறங்கு முகம். ஒன்பதாம் மணியில் அழுத்தம் ஏறி வாயு ஓட்டமே நின்றுவிட்டது. கரி அடைத்திருந்தது, கம்பி விட்டுக் குத்தித்தான் எடுக்க முடிந்தது. நீலத் தூளோ முதலில் 6 சதவீதம்தான். அது வீண் என்று எண்ணி நான் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தால் 30. மூன்றாம் மணியில் 52. அதன் பிறகு அசையவில்லை. வினை முடிந்ததும் அதே வாயுக்கலவையை ஓடவிட்டபடியே குளிரவைத்து எடுத்தேன். நீலம் போய்க் கருப்பாகியிருந்தது, கரி குறைவு.

"நிலைபெறும் வரை உள்ள தரவை நீக்கிவிட்டு மீதியை வரைபடமாகப் போடு" என்கிறார் என் வழிகாட்டி. எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த மூன்று மணி நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது?

பழைய உலை எழுதியது:

நீக்காதீர்கள். உங்கள் ஆய்வில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகச் சுவையான தரவு அதுதான்.

குழாயில் நீங்கள் போட்டது வினையூக்கி அன்று. வினையூக்கி ஆகப்போகிற ஒன்று. நீலம் என்பது நிக்கல் அலுமினேட்டின் நிறம். 850 டிகிரியில் நிக்கல் அயனிகள் அலுமினாவுக்குள் புகுந்து ஸ்பினல் என்ற கலப்பு ஆக்சைடுப் படிகமாகிவிட்டன. தாங்கியான அலுமினாவின் மேல் தனியாகக் கிடக்கும் நிக்கல் ஆக்சைடு 300, 400 டிகிரியிலேயே ஒடுங்கிவிடும். ஸ்பினலுக்குள் போய்விட்ட நிக்கலை வெளியே கொண்டுவர 800 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். நீங்கள் கொடுத்தது 600, அதுவும் நீர்த்த ஹைட்ரஜன், ஒரே ஒரு மணி நேரம். தூள் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

போதாததற்கு, ஒடுங்கிய கொஞ்ச நிக்கலையும் வெளியே எடுத்துக் காற்றில் காட்டிவிட்டீர்கள். சில நானோமீட்டர் அளவுள்ள நிக்கல் துகள் அறை வெப்பநிலையிலேயே மேற்பரப்பில் ஆக்சைடு போர்த்திக்கொள்ளும். பச்சைத் தூளில் அது தெரியாமல் போனதற்குக் காரணம், அந்த மெல்லிய ஆக்சைடு 750 டிகிரியில் மீத்தேன் பட்டதுமே போய்விடும் என்பதுதான். நீலத் தூளில் வினை வாயுவே ஒடுக்கும் வேலையைத் தலையில் போட்டுக்கொண்டது. முதலில் எங்கோ சில நிக்கல் துகள்கள் பிறக்கின்றன. அவை மீத்தேனிலிருந்து ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் உண்டாக்குகின்றன. அந்த வாயுக்கள் பக்கத்தில் உள்ள ஸ்பினலை ஒடுக்குகின்றன. பிறந்தது பிறக்கப்போவதற்கு வழி செய்கிறது. அதனால்தான் 6-இலிருந்து 30, 30-இலிருந்து 52. உங்கள் வளைகோடு ஒரு பிறப்புப் பதிவேடு.

நான் ஆய்வகத்துக்காரன் அல்லன். அம்மோனியா ஆலைகளில் வினையூக்கி நிரப்பி, ஒடுக்கி, ஓட்டிக் கொடுப்பதே என் பிழைப்பாக இருந்தது. அங்கே எல்லாமே உள்ளேயே உருவாவதுதான். அம்மோனியா உலைக்குள் போவது இரும்பு அன்று, உருக்கி உடைத்த மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு. 1909-இல் ஆல்வின் மிட்டாஷின் குழு கண்டெடுத்த வழி அது. சுவீடனிலிருந்து வந்த ஒரு மேக்னடைட் கனிமம் எதிர்பாராமல் நன்றாக வேலை செய்ததில் தொடங்கியது. உருக்கிய மேக்னடைட்டில் துளைகளே இல்லை எனலாம். ஹைட்ரஜன் அதிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்கும்போது, திண்மத்தின் கன அளவில் பாதிக்கு மேல் காணாமல் போகிறது. கல்லின் வெளி அளவு மட்டும் மாறுவதில்லை. போன இடமெல்லாம் துளை. அந்தத் துளைகளின் சுவர்தான் வினையூக்கி. ஆக, ஒடுக்கும் விதம்தான் பொருளின் அமைப்பைத் தீர்மானிக்கிறது.

ஒரு முறை கால அட்டவணை நெருக்குகிறது என்று, படுகையிலிருந்து வரும் நீராவியின் அளவு இறங்கும் முன்பே வெப்பத்தை ஏற்றச் சொன்னார்கள். நானும் எதிர்த்துப் பேசவில்லை. அது என் தவறு. மேலடுக்கு ஒடுங்கும்போது வெளிவந்த நீராவி, கீழே ஏற்கெனவே ஒடுங்கியிருந்த இரும்பை மீண்டும் ஆக்சைடாக்கி, அது திரும்ப ஒடுங்கி, படிகங்கள் தடித்துவிட்டன. அந்தப் படுகை அதன் ஆயுள் முழுவதும் பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடுதல் வெப்பம் கேட்டுக்கொண்டே இருந்தது. முதல் இரண்டு நாளில் செய்ததைப் பிறகு எவராலும் திருத்த முடியவில்லை.

உங்களுக்கும் அதே ஆபத்துதான், சிறிய அளவில். நீலத் தூளின் நிக்கல் பிறந்த சூழலை யோசியுங்கள்: நீராவி, கார்பன் மோனாக்சைடு, கரி, எல்லாம் கலந்த புழுக்கம். நிக்கல் 1455 டிகிரியில் உருகும். ஆனால் கெல்வின் கணக்கில் அதன் பாதியிலேயே, அதாவது 590 டிகிரி செல்சியஸை ஒட்டியே அணுக்கள் நகரத் தொடங்கிவிடும். 750-இல் நீராவியும் சேர்ந்தால் துகள்கள் வேகமாகத் திரளும்.

ஆகவே வினைக்குழாய்க்குள்ளேயே ஒடுக்குங்கள். ஹைட்ரஜனைத் தாராளமாக ஓடவிடுங்கள். நீராவி தங்கக் கூடாது. நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 800-க்கு ஏற்றி இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். நிக்கல் ஆக்சைடு ஒடுங்குவதில் வெப்பம் ஏறக்குறைய வருவதும் இல்லை, போவதும் இல்லை. அந்த வகையில் நீங்கள் பிழைத்தீர்கள். தாமிர ஆக்சைடாக இருந்தால் மோலுக்கு 85 கிலோஜூல் அளவு வெப்பம் கொட்டும். அதற்கு ஒரு சதவீத ஹைட்ரஜனோடு தவழ வேண்டும். பிறகு நைட்ரஜனால் கழுவி, 750-க்கு இறக்கி, இரண்டு வாயுக்களையும் சேர்த்தே திறந்துவிடுங்கள். மீத்தேன் மட்டும் முன்னால் போனால் முதல் நிமிடத்திலேயே கரி.

படிகப்பித்தன் எழுதியது:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன், ஓர் இடத்தைத் தவிர. உள்ளே பிறப்பதாலேயே துகள் கெட்டுப்போகும் என்று கொள்ள வேண்டாம். நீலத் தூளில் கரி குறைந்ததற்கே அந்தப் பிறப்புதான் காரணமாக இருக்கலாம்.

நான் பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்புள்ள ஆக்சைடுகளில் வேலை செய்கிறேன். நிக்கலைப் படிகக் கூட்டுக்குள்ளேயே வைத்துச் சுட்டுவிட்டு, பிறகு ஒடுக்கும் வாயுவில் சூடாக்கினால், நிக்கல் மேற்பரப்புக்கு வந்து துகளாக முளைக்கும். எக்ஸொல்யூஷன் என்பார்கள், எங்கள் ஆய்வகத்தில் 'முளைத்தல்' என்றே சொல்கிறோம். மேலிருந்து தெளித்த துகள் தாங்கியின் மேல் உட்கார்ந்திருக்கும். முளைத்த துகள், ஈறில் பல் பதிந்ததுபோல, ஒரு குழிக்குள் பதிந்திருக்கும். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் இர்வின் குழு 2015-இல் இதைத் தெளிவாகக் காட்டியது. சாதாரண நிக்கல் துகளின் அடியில் கரி இழையாக வளர்ந்து, துகளையே தூக்கி நுனியில் ஏந்திக்கொண்டு போகும். அப்படி வளர்ந்த இழைகளின் காடுதான் உங்கள் பச்சைத் தூளின் குழாயை அடைத்தது. பதிந்த துகளை அப்படித் தூக்குவது கடினம்.

இன்னொரு வசதி, கெட்டதை மீட்கலாம் என்பது. 2002-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வாகனப் புகைக்கான பெரோவ்ஸ்கைட்டில் பல்லேடியத்தைக் காட்டினார்கள்: ஆக்சிஜன் மிகும்போது உள்ளே போகிறது, குறையும்போது வெளியே வருகிறது, துகள் பருப்பதே இல்லை. நிக்கல் அவ்வளவு சொன்னபடி கேட்காது.

விலையும் உண்டு. பெரோவ்ஸ்கைட்டை 1000 டிகிரிக்கு மேல் சுடுவதால் மேற்பரப்பு கிராமுக்குச் சில சதுர மீட்டர்தான். காமா அலுமினா நூற்றுக்கு மேல் தரும். நிக்கலில் பெரும்பகுதி படிகத்தின் ஆழத்திலேயே, வினைக்குப் பயனில்லாமல் தங்கிவிடும். உங்கள் நீல ஸ்பினல் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

படிகங்களை அடையாளம் காண எக்ஸ் கதிர்ச் சிதறல் வரைபடம் எடுக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. நிக்கல் உலோகத்தின் பெரிய முகடு 44.5 டிகிரிக் கோணத்தில் வரும். ஸ்பினலும் அலுமினாவும் 45-ஐ ஒட்டியே வந்து அதை விழுங்கிவிடும். தாமிரக் கதிராக இருந்தால் 51.8-இல் உள்ள சிறிய முகட்டைப் பாருங்கள். அங்கே போட்டி இல்லை.

கசிவுக்காவலன் எழுதியது:

எல்லாரும் துகளைப் பார்க்கிறீர்கள். "அதே வாயுக்கலவையை ஓடவிட்டபடியே குளிரவைத்து எடுத்தேன்" என்ற வரி யார் கண்ணிலும் படவில்லையா?

வினையில் பிறந்த கார்பன் மோனாக்சைடு அந்த வாயுவில் தங்கியிருக்கலாம். படுகை 200 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது நுண்ணிய நிக்கலும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து நிக்கல் கார்பனைல் ஆகும். 1890-இல் லுட்விக் மாண்ட் கண்டது. நிக்கலைச் சுத்திகரிக்கவே அதைப் பயன்படுத்தினார். 43 டிகிரியில் கொதிக்கும் கொடிய நஞ்சு. இனிமேல் 750-இலேயே நைட்ரஜனுக்கு மாற்றி, மோனாக்சைடு முழுதும் போன பிறகே குளிரவையுங்கள். கம்பி விட்டுக் குத்தும் வேலையும் வாயு உறிஞ்சும் பெட்டிக்குள்தான். ஒடுங்கிய நிக்கல் காற்றுப் பட்டால் தானே சூடேறும், கரியும் கூடவே இருக்கிறது.

குவார்ட்ஸ்குழாய் எழுதியது:

கசிவுக்காவலன், உங்கள் பதிலைப் படித்துவிட்டு அன்று வேலையை நிறுத்திவிட்டேன். நைட்ரஜன் குழாயைத் தனி அடைப்பானோடு இணைத்த பிறகுதான் மறுபடி தொடங்கினேன். நன்றி.

பழைய உலை ஐயா, நீங்கள் சொன்னபடியே நீலத் தூளைக் குழாய்க்குள்ளேயே 800-இல் இரண்டு மணி நேரம் ஒடுக்கினேன். முதல் ஊசியிலேயே 61. அந்த மூன்று மணி நேரத் தூக்கம் அடியோடு இல்லை. பன்னிரண்டு மணி நேரம் கழித்து 59. பச்சைத் தூளையும் அதே முறையில் ஒடுக்கிப் பார்த்தேன். பதினோராம் மணியில் மறுபடியும் அடைப்பு. அதன் நோய் ஒடுக்கத்தில் இல்லை என்று தோன்றுகிறது. 51.8 முகடு பச்சையில் ஊசிபோல் கூர்மை, நீலத்தில் பரந்து தாழ்ந்திருந்தது; அதாவது பச்சையில் நிக்கல் துகள்கள் பெரியவை, நீலத்தில் சிறியவை.

வழிகாட்டியிடம் இரண்டு வளைகோடுகளையும் ஒரே தாளில் வரைந்து காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "பழையதையும் வைத்துக்கொள்" என்றார்.

ஒன்று மட்டும் புரியவில்லை. குழாயைத் திறந்தபோது படுகையின் மேல்பக்கம் நான்கைந்து மில்லிமீட்டர் இன்னும் நீலமாகவே இருந்தது. ஹைட்ரஜன் முதலில் படும் இடமே அதுதானே?

பழைய உலை எழுதியது:

ஹைட்ரஜன் முதலில் படும், உண்மை. வெப்பம் முதலில் படுகிறதா? இயற்கை எரிவாயுச் சீரமைப்பு உலையிலும் இதே கதைதான். குழாயின் மேல்முனையில் வாயு 500 டிகிரியை ஒட்டி நுழையும், கீழே 800-க்கு மேல் வெளியேறும். மேல்பகுதி நிக்கல் சரியாக ஒடுங்காவிட்டால் அங்கே வினை நடக்காது. வெப்பத்தை உண்ண ஆளில்லாமல் குழாய்ச் சுவர் சிவந்து ஒரு பட்டையாக ஒளிரும். பார்வைத் துளை வழியாக அந்தச் சிவப்புப் பட்டையைப் பார்த்து வயிறு கலங்கிய நாள்கள் உண்டு.

வெப்பநிலை அளக்கும் உங்கள் தெர்மோகப்பிள் படுகையில் எந்த உயரத்தில் நிற்கிறது? வெறும் குழாயில் அதை ஒவ்வொரு சென்டிமீட்டராக இழுத்து, உலையின் சூடான பகுதி எவ்வளவு நீளம் என்று அளந்திருக்கிறீர்களா?

குவார்ட்ஸ்குழாய் எழுதியது:

படுகையின் அடியில் நிற்கிறது. அளந்ததில்லை. நாளை காலை முதல் வேலை அதுதான்.