சோடியம் அயோடைடில் 59.5 பீக் 67இல் நிற்கிறது – எம்.சி.ஏ. (துடிப்புகளை உயரப்படி சேனல்களாகப் பிரித்து எண்ணும் கருவி) பழுதா?

கேள்வி (மண்டபத்திலிருந்து): 2 அங்குல சோடியம் அயோடைடு (தாலியம்) காமா கதிர் டிடெக்டர் (கதிர் பட்டால் ஒளிரும் படிகம்), அலுமினிய உறை. சீசியம்-137இன் 662 கி.எ.வோ. (கிலோ எலக்ட்ரான் வோல்ட்) பீக்கை வைத்து, சுழியம் வழியாகச் சேனல்-ஆற்றல் கோடு போட்டோம். அமெரிசியம்-241இன் 59.5 கி.எ.வோ. பீக், 67ஆம் சேனலில் வருகிறது. காலைக்கும் மதியத்துக்கும் 662 பீக்கே 2% நகர்கிறது. சேனலுக்கு 1 கி.எ.வோ.

பதில்: பெரும்பாலும் படிகத்தின் குணம்தான் தம்பி. குறைந்த ஆற்றலில் இது ஒரு கி.எ.வோ.வுக்குத் தரும் ஒளி, 662இல் தருவதைவிட அதிகம். ஆனால் எம்.சி.ஏ.வில் 7 சேனல் ஆஃப்செட் (சுழியமே தள்ளி நிற்பது) இருந்தாலும் இதே படம்தான் வரும். ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) டெஸ்ட் உள்ளீட்டில் பல்சர் (செயற்கைத் துடிப்பு தரும் கருவி) கொடுத்து, வீச்சைப் படிப்படியாக மாற்றிக் கோடு வரையுங்கள். அது சேனல் அச்சை வெட்டும் இடத்தை எல்லா அளவிலிருந்தும் கழியுங்கள்.

கேள்வி: ஆஃப்செட் 1 சேனல்தான் சார். சீசியத்தின் 32 எக்ஸ் கதிர் 37.5இல் வருகிறது. 17% கூடுதல் என்று எடுக்கலாமா?

பதில்: கூடாது. அந்தப் பீக் தனிக் கோடு இல்லை, சீசியம் சிதைந்து உருவாகும் பேரியத்தின் எக்ஸ் கதிர்களான கே-ஆல்ஃபா (சுமார் 32), கே-பீட்டா (சுமார் 36.4) இரண்டும் ஒட்டியது. செறிவுப்படி சராசரி 32.9. அதால் வகுத்தால் 14% தான். அதைவிடத் தொல்லை, படிகத்திலுள்ள அயோடினின் கே-விளிம்பு (அணுவின் உள்கூட்டு கே-எலக்ட்ரானைப் பிய்க்கத் தேவையான ஆற்றல்) 33.17இல் இருப்பது, ஒரு கோடு அதற்குக் கீழே, மற்றது மேலே. விளிம்பைச் சற்றே தாண்டிய கதிர் கே-எலக்ட்ரானை மிகக் குறைந்த வேகத்தில்தான் தள்ளும், மீதி ஆற்றல் சிறு துண்டுகளாகச் சிதறும், அங்கே ஒளி குறையும். ஆற்றலோடு ஒளி மாறும் வளைவை வரைய, கதிர் பட்டால் தம் எக்ஸ் கதிரை உமிழும் வெள்ளி (22.2), டெர்பியம் (44.5) இலக்குகள் நல்லவை. 59.5க்குக் கீழே 31 அருகே ஒரு மேடு தெரிந்தால் அது அயோடின் எக்ஸ் கதிர் தப்பிப்போன பீக். சீசியத்தைப் பக்கத்தில் வைக்காதீர்கள், அதன் 32உம் இதுவும் கலந்துவிடும். 15க்குக் கீழே போக அலுமினிய உறை விடாது, பெரிலியம் ஜன்னல் வேண்டும்.

இன்னொருவர்: 2% நகர்வு வெப்பத்தால். அறை வெப்பத்தில் படிக ஒளி, வெப்பம் ஏற ஏற டிகிரிக்குச் சுமார் 0.3% குறையும், அந்த ஒளியை மின்துடிப்பாக்கும் பி.எம்.டி. குழாயின் கெயினும் (பெருக்கமும்) அதோடு மாறும். ஏ.சி.யை நிலையாக வைத்து, உயர் மின்னழுத்தம் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். ஒவ்வொரு மூலத்துக்கும் முன்னும் பின்னும் 662 எடுத்து, அதனுடனான விகிதத்தை மட்டும் நம்புங்கள். டெட் டைம் (கருவி அடுத்த துடிப்பை ஏற்காத நேரம்) 3% தாண்டினால் மூலத்தைத் தள்ளி வையுங்கள்.

உங்கள் கரையில் இன்னொன்று: குளிர்ந்த அறையின் கதவைத் திறந்தால் உப்புக்காற்று சாக்கெட்டில் வியர்க்கும், கீழ்ச் சேனல்களில் இரைச்சல் ஏறும். மின்னழுத்தத்தை அணைத்து, கனெக்டரை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, முழுக்க உலர்ந்த பிறகே போடுங்கள்.