லாங் பிராஞ்ச் .303: வேட்டைக்கு வெட்டலாமா, பழைய கோலத்துக்கே கொண்டுபோகலாமா?

சட்பரிக்காரன்
என்னோடு வேலை செய்த கனடியப் பெரியவர் ஒருவர் ஓய்வுபெற்றபோது தன் மான் வேட்டைத் துவக்கை (துப்பாக்கியை) எனக்கு விற்றார். உரிமம் இருக்கிறது, கைமாற்றமும் முறைப்படி நடந்தது. ".303 தோட்டா, நன்றாகச் சுடும்" என்பதோடு அவர் முடித்துக்கொண்டார். குழலுக்குக் கீழே வரும் மர முன்கட்டையைப் பாதியில் அறுத்திருக்கிறார்கள். மேலே தேன் மாதிரி தடித்த வார்னிஷ். ஆனால் இரும்பைப் பார்த்தால் ராணுவச் சாமான் என்று தெரிகிறது. இடப்பக்கத்தில் "நம்பர் 4 மார்க் 1*, லாங் பிராஞ்ச், 1943" என்று இருக்கிறது. மேலே துளை போட்டு ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பூட்டி, குழலில் 4 அங்குலம் வெட்டி, கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை போட யோசிக்கிறேன். நவம்பருக்குள் முடியுமா?

பழைய_இரும்பு
தம்பி, முதலில் ட்ரில்லைக் கீழே வையுங்கள்.

உங்கள் கையில் இருப்பது லீ-என்ஃபீல்ட், பிரித்தானிய ராணுவத் துவக்கு; நம்பர் 4 அதன் ஒரு மாதிரி. ரொறன்ரோவுக்கு மேற்கே, இப்போது மிசிசாகாவுக்குள் வரும் ஏரிக்கரைத் தொழிற்சாலையில் செய்தது. 1941இலிருந்து போர் முடியும்வரை சுமார் 9 லட்சம் துவக்குகள் அங்கே செய்தார்கள், வேலை செய்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அந்தப் பரிசோதனைக் கட்டடம் இன்னும் நிற்கிறது, லேக்‌ஷோர் வீதியில் போகும்போது பாருங்கள். தொடர் எண்ணில் "எல்" எழுத்து இருக்கும். "சி" எழுத்துக்குள் அம்புக்குறி இருந்தால் கனடிய அரசின் உடைமை முத்திரை. "டிபி" என்று எங்காவது குத்தியிருந்தால் அது அணிவகுப்புப் பயிற்சிக்கு ஒதுக்கியது, அதைச் சுடவே கூடாது.

எல்லாவற்றையும் விடக் குழலின் நுனியைப் பாருங்கள். துப்பாக்கிக் கத்தி பூட்டும் சிறு காதுகள் இருக்கின்றனவா? இருந்தால் குழல் வெட்டப்படவில்லை. அப்படியானால் முன்கட்டையும் மேல்மரமும் வாங்கிப் போட்டு 1943க்கே கொண்டுபோகலாம். நீங்கள் 4 அங்குலம் வெட்டினால் அந்த வாசல் மூடிவிடும்.

மரத்தூள்
வந்துவிட்டார்கள் அருங்காட்சியகக் காவலர்கள்!

9 லட்சம் என்று நீங்களே சொல்கிறீர்கள் அண்ணை. போருக்குப் பிறகு இவை அடிமாட்டு விலைக்குப் போயின. சுரங்கத்திலும் மரவேலையிலும் இருந்தவன் ஒன்றை வாங்கி, குளிர்கால இரவில் சமையலறை மேசையில் வைத்து முன்கட்டையை அறுத்தான். காட்டில் அரை கிலோ பாரம் குறைந்தால் போதும் என்று. அந்த அறுவையும் வரலாறுதானே? இன்னொரு துவக்கின் மரத்தைக் கொண்டுவந்து பூட்டினால் அது மீட்பு இல்லை, மாறுவேடம்.

தம்பி, குழலை வெட்டாதீர்கள் என்பதில் மட்டும் நான் அண்ணையோடு. குறிபார்க்கும் முன்குறி அங்கேதான் பூட்டியிருக்கிறது. வெட்டினால் அதுவும் போகும், சத்தமும் தீப்பொறியும் கூடும். ஆனால் ஸ்கோப் போடுங்கள், அதில் பாவம் ஒன்றும் இல்லை.

மதுரைப்_பார்வையாளர்
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊர்ப் போலீஸ்காரர்கள் தோளில் மாட்டியிருந்த .303 துப்பாக்கியும் இதுதானா?

பழைய_இரும்பு
ஒரே குடும்பம், மூத்த தலைமுறை. இஷாப்பூரில் செய்த நம்பர் 1 மார்க் 3 அது. அதில் குழல் நுனி தட்டையான இரும்பு மூக்கோடு முடிந்துவிடும், பின்குறி குழலின் மேல் இருக்கும். நம்பர் 4இல் குழல் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பின்குறி கண்ணுக்குப் பக்கத்தில், சின்ன ஓட்டை வழியாகப் பார்ப்பது. தோட்டா ஒன்றேதான்.

மரத்தூளுக்கு: சமையலறை மேசையில் அறுத்தவனைக் குறை சொல்லவில்லை. அவனுக்கு அன்று அது மலிவான இரும்பு. இன்று அப்படி இல்லை. மேலே துளை போட்டால் திரும்ப அடைத்தாலும் தெரியும்.

சட்பரிக்காரன்
காதுகள் இரண்டும் இருக்கின்றன! காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, போல்ட்டை (தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் உருளையை) மூடி, மரக்குச்சி ஒன்றை நுனியிலிருந்து விட்டு அளந்தேன். 64 செ.மீ.

பழைய_இரும்பு
25.2 அங்குலம். வெட்டாத குழல். சொன்னேனா இல்லையா!

மரத்தூள்
சரி, வெட்டவில்லை. ஆனால் தம்பி கேட்டது மான் சுட, அலமாரியில் வைக்க இல்லை. கனடிய வடக்கில் ரேஞ்சர்கள் (ராணுவத்தின் உள்ளூர்ப் படையினர்) 1947இலிருந்து எழுபது வருடம் இதையேதான் சுமந்தார்கள், குளிரில் சிக்காமல் வேலை செய்யும் என்பதால். உழைக்கப் பிறந்த துவக்கு இது.

பனிக்காடு
நீங்கள் இருவரும் உடுப்பைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள், நாடி பிடித்துப் பார்க்க ஆளில்லை. தம்பி, போல்ட் கைப்பிடியின் அடிப்பக்கத்தில் ஒரு எண் இருக்கும். துவக்கின் எண்ணும் அதுவும் ஒன்றா?

சட்பரிக்காரன்
இல்லை. கடைசி மூன்று இலக்கம் வேறு. போல்ட்டின் முன்முனையான போல்ட் தலையில் 0 என்று குத்தியிருக்கிறது.

பனிக்காடு
அப்படியானால் சோதித்துப் பார்க்காமல் ஒரு தோட்டாவும் போடாதீர்கள். போல்ட்டை அந்தந்தத் துவக்குக்கு ஒட்டித்தான் பொருத்தினார்கள். வேறு போல்ட் வந்தால் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் இடைவெளி கூடலாம். .303இல் போல்ட் முகத்துக்கும் குழலுக்கும் நடுவே விளிம்பு உட்காரும் இடம் 0.064 முதல் 0.074 அங்குலம்வரை இருக்கலாம். கூடினால் பித்தளை உறை நீண்டு, அடிப்பாகம் கழன்று கொள்ளும். நல்லவேளை, நம்பர் 4இல் போல்ட் தலை 0, 1, 2, 3 என்று நாலு நீளத்தில் வந்தது, மாற்றிப் பார்க்க இடமிருக்கிறது. துவக்கு வேலைக்காரர் ஒருவரிடம் கொடுத்து அளவுகோல் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று: மார்க் 1* என்பதால், போல்ட்டைக் கழற்ற, போல்ட் தலை ஓடும் வலப்பக்கத் தண்டவாளத்தில் ஒரு வெட்டு இருக்கும். அதன் விளிம்பு உடைந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். இந்த மாதிரியின் பழைய வியாதி அது.

மரத்தூள்
இதை நானே முதலில் கேட்டிருக்க வேண்டும். ஒத்துக்கொள்கிறேன்.

சட்பரிக்காரன்
மூன்று வாரம் கழித்து வருகிறேன். தண்டவாளம் நன்றாக இருக்கிறது. ஆனால் மேல் எல்லை அளவுகோலிலும் போல்ட் மூடிக்கொண்டது, அதாவது இடைவெளி கூட. 2ஆம் எண் தலை தேடிப் பூட்டியதும் சரியாகிவிட்டது. குழலுக்குள் தோட்டாவைச் சுழற்றும் வரிப்பள்ளம் இரண்டே இரண்டு. பயந்துபோய்க் கேட்டேன், போர் அவசரத்தில் அப்படித்தான் செய்தார்கள், சுடுவதில் குறை இல்லை என்றார் வேலைக்காரர்.

துளை போடவில்லை. பின்குறி இருக்கும் இடத்தில் பூட்டும் தாங்கி ஒன்று வாங்கி ஸ்கோப் வைத்தேன். அது உயரமாக இருப்பதால் கன்னம் எட்டவில்லை, பின்கட்டைக்கு மேல் தோல் பட்டை ஒன்றைக் கயிற்றால் கட்டியிருக்கிறேன். வார்னிஷைச் சுரண்டி ஆளிவிதை எண்ணெய் பூசியதும், கட்டையில் ஆணியால் கீறிய இரண்டு எழுத்துகள் வெளியே வந்தன. யாருடைய பெயரோ.

பழைய_இரும்பு
துளை போடாமல் பூட்டிய தாங்கி நாலு பெட்டி தோட்டாவில் ஆடத் தொடங்கும், திருகைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், இங்கே ஒருவரிடம் வால்நட் முன்கட்டை ஒன்று இருக்கிறது. வாங்காவிட்டாலும் பரவாயில்லை, வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

மரத்தூள்
போகாதே தம்பி, போனால் வாங்கிவிடுவாய்.