மரியோவின் செடி செல்டாவுக்குள் முளைத்தபோது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பவானிக்காரன்
செல்டா வரிசையில் வந்த லிங்க்ஸ் அவேக்கனிங் என்ற வீடியோ ஆட்டத்தின் 2019 நிண்டெண்டோ ஸ்விட்ச் பதிப்பில், சுரங்கத்துக்குள் இறங்கியதும் காட்சி பக்கவாட்டுக்கு மாறுமே, அந்த இடம்தான் இன்னும் மனத்தை உறுத்துகிறது. செல்டாவின் உலகத்தில் சற்றும் எதிர்பாராமல் ஒரு குழாய். அதற்குள்ளிருந்து வாயைத் திறந்து மூடியபடி மரியோ ஆட்டத்தின் கடிக்கும் செடியான பிரான்ஹா பிளான்ட் மேலெழுந்தது. மரியோவில் அது தலைகாட்டினால், நெருப்புருண்டை வீச வைக்கும் நெருப்புப் பூ கிடைக்காதவன் அது உள்ளே இறங்கும்வரை ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். அந்தப் பழக்கத்தில் என் கட்டைவிரல் பொத்தானின் மேல் அசையாமல் நிற்க, அருகிலிருந்த அத்தை மகன், "மாப்ள, உன்ற கையில வாள் இருக்குது" என்றான். வீசினேன், செடி மறைந்தது. சிறு வயது முழுக்க அஞ்சி ஒதுங்கிய ஒன்று அவ்வளவு எளிதில் ஒழிந்தது எனக்கு வெற்றியாகவே தோன்றவில்லை.

திருப்பூர் வாசி
பவானி நண்பர் இதை 2019இன் புதுமை போல எழுதியிருக்கிறார். 1993இல் கேம் பாய் கையடக்கக் கருவியில் வந்த மூல ஆட்டத்திலேயே இந்தச் செடியும் உண்டு, மரியோவின் காளான் வடிவ எதிரிகளான கூம்பாக்களும் உண்டு. குதிக்க வைக்கும் இறகின் உதவியால் எம்பிக் கூம்பாவின் தலைமேல் குதித்தால் அது மரியோவில் போலவே நசுங்கும். இந்தப் போக்குவரத்து ஒருவழியும் அன்று. மரியோ கார்ட் 8 என்ற வண்டிப் பந்தய ஆட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட செல்டாவின் நாடான ஹைரூலின் பெயரிலான தடத்தில், பிரான்ஹா பிளான்ட் நிற்க வேண்டிய இடத்தில் செல்டாவின் கடிக்கும் செடியான டெகு பாபா நிற்கிறது. சித்தப்பா மகளை முந்தும் ஆசையில் ஓரமாக வண்டியை ஒடித்தேன். அது கழுத்தை நீட்டிக் கடித்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோபி பக்கம்
என் கதை சிறியது: ஒக்காரினா ஆஃப் டைம் என்ற செல்டா ஆட்டத்தின் காட்டில் முதன்முதலாக எதிர்ப்பட்ட டெகு பாபா என்னைக் கடித்தது. ஆனால் புதிதாக ஆடுவோர் கவனிக்க வேண்டியது வேறு. அது பாய்ந்து வரும் வேளையில் பதறிப் பொத்தான்களை அழுத்தாதீர்கள். கேடயத்தை முன்னால் பிடித்து, இலக்கைப் பூட்டிக்கொண்டு, முதல் அடியில் அதைத் திகைக்க வையுங்கள். தண்டு விறைத்து நிமிரும் அந்த நொடியில் வெட்டினால் டெகு குச்சி கிடைக்கும். தலையைப் பார்த்தே அடித்துக் கொன்றால் பெரும்பாலும் கொட்டைதான் மிஞ்சும். குச்சி பின்னால் பந்தம் கொளுத்தவும் ஆகும் என்பதால், தொடக்கத்திலேயே சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

பொள்ளாச்சி மச்சான்
குச்சி பொறுக்குவதைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லையே, கோபி அண்ணா! பல ஆட்டங்களின் பாத்திரங்கள் மோதும் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்டை எப்படி எல்லோரும் விட்டுவிட்டீர்கள்? 2019 தொடக்கத்தில் பிரான்ஹா பிளான்ட் அதில் நாமே ஆடக்கூடிய வீரனாக வந்தது, அதுவும் தொட்டியோடு. அப்புச்சி வீட்டில் தம்பி அதை எடுத்தான், நான் செல்டாவின் நாயகன் லிங்க். வாளை ஓங்கி நெருங்கியபோது செடி முள் உருண்டையை மேலே ஊதி மிதக்கவிட்டு, சட்டென்று என் முகத்துக்கு நேராகத் தள்ளியது. பின்னால் முறுக்கு உடைத்துக்கொண்டிருந்த அமுச்சி, "அந்தப் பூந்தொட்டிக்கு ஆரு தண்ணி ஊத்தறது?" என்று கேட்டார். நம் கைக்கு வந்தபின் அது எதிரியே அல்ல என்று தம்பி இன்றும் வாதிடுகிறான். உருண்டையை வாங்கியவன் நான் என்பதால் அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.