அப்பாவின் மூச்சை எண்ணிய எலாஸ்டிக் பட்டை

அப்பா திருப்பூர்ப் பக்கம் முப்பது வருடம் ஸ்பின்னிங் மில்லில் இருந்தவர். பஞ்சுத் தூசியும் பீடியும் சேர்ந்து நுரையீரலைக் கெடுத்துவிட்டன. டாக்டர் சொன்ன பெயர் சிஓபிடி, மூச்சுக்குழாய் நாள்பட அடைத்துக்கொள்ளும் நோய். பகலில் யாராவது பக்கத்தில் இருப்போம். ராத்திரி தூக்கத்தில் மூச்சு எப்படி ஓடுகிறது என்பதுதான் தெரியாது.

முதலில் மின்சாரம் கடத்தும் ரப்பர் கயிற்றை நெஞ்சைச் சுற்றிக் கட்டிப் பார்த்தேன். மூச்சை இழுத்தால் ரப்பர் நீண்டு மின்தடை ஏறும், விட்டால் இறங்கும். ஆனால் ரப்பர் நீண்ட வேகத்தில் சுருங்குவதில்லை. இரண்டு மணி நேரத்தில் கிராஃபில் எது மேடு, எது பள்ளம் என்றே தெரியவில்லை. கொஞ்சம் இறுக்கிக் கட்டியதும் அப்பா, "மூச்சு முட்டுது கண்ணு, அவுத்துரு" என்றார். மூச்சுக்குத் தவிக்கிறவர் நெஞ்சை நானே இறுக்கினேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

அப்புறம் ஜட்டி இடுப்புக்குத் தைக்கும் அகல எலாஸ்டிக்கை வாங்கி, தளர்வாகப் பட்டை தைத்தேன். அதில் எம்பியு6050 என்ற ஆக்ஸிலரோமீட்டர் போர்டு, அசைவையும் சாய்வையும் அளப்பது, தீப்பெட்டியைவிடச் சின்னது. விலா எலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே வைத்தால், வயிறு எழும்பும்போது போர்டு துளி சாயும். அந்தச் சாய்வை இஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி போர்டு எண்ணிக்கொள்ளும். இரண்டும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. முதல் ராத்திரி பவர் பேங்க் பாதியில் நின்றுவிட்டது. இழுக்கிற மின்சாரம் ரொம்பக் குறைவாக இருந்தால் சில பவர் பேங்குகள் தானாக அணைந்துவிடும், பார்த்து வாங்குங்கள்.

எண்ணை நம்புவதற்கு முன் பல ராத்திரி கட்டில் பக்கத்தில் வாட்சோடு உட்கார்ந்து, பனியன் ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணினேன். மல்லாந்து அசையாமல் தூங்கினால் ஒன்றிரண்டு மூச்சுதான் வித்தியாசம். புரண்டாலோ இருமினாலோ வருகிற எண் குப்பை. அந்த நிமிடங்களைக் கணக்கிலேயே சேர்க்காதபடி மாற்றினேன்.

அப்பாவுக்குத் தூக்கத்தில் வழக்கம் நிமிடத்துக்கு 18, 19 மூச்சு. மார்கழியில் ஒரு ராத்திரி 24, மறுநாள் 27. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் அப்போதும் 95 என்றே காட்டியது. ஆக்ஸிஜன் குறைவதற்கு முன்பே உடம்பு மூச்சைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்கும். காலையிலேயே கூட்டிப் போனோம். டாக்டர் என் கிராஃபை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்பாவின் வயிற்றில் கை வைத்து அவரே முழு நிமிடம் எண்ணினார். சளியில் தொற்று. மாத்திரை, நெபுலைசரோடு வீட்டிலேயே சரியானது.

*

உங்கள் பதிவைப் படித்ததும் என் பாப்பா ஞாபகம் வந்தது. ஏழு மாதத்தில் சளி பிடித்தபோது கிராம சுகாதார செவிலியர் அக்கா சட்டையைத் தூக்கிவிட்டு, "பால் குடிக்கையில எண்ணாதம்மா, அழுகையில எண்ணாத, தூங்கையில எண்ணு" என்று சொல்லிக் கொடுத்தார். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அஞ்சு வயதுக்குள் 40. நிமிடத்துக்கு மூச்சு அதைத் தொட்டாலே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டே நிற்கக் கூடாது, உடனே கிளம்ப வேண்டும். குழந்தையைக் கண்காணிக்க என்று விற்கும் சென்சார் சாக்ஸ், கிளிப் எல்லாம் நானும் தேடினேன். அந்தக் குழியை அவை காட்டாது என்பதால் வாங்கவில்லை.

*

என் அம்மா எப்போதும் ஒருக்களித்துத்தான் படுப்பார். உங்கள் பட்டை அவருக்கு வேலை செய்யுமா, தம்பி?

*

செய்யுங்க அக்கா. போர்டு மூன்று அச்சில், அதாவது மூன்று திசையில் அளக்கும்; படுக்கிற வாகு மாறினால் சாய்வு வேறு அச்சுக்குப் போய்விடும். மூன்று அச்சையும் பதிவு செய்து, எதில் அசைவு சீராகவும் பெரிதாகவும் வருகிறதோ அதை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். போர்டை மெத்தைப் பக்கம் போகாமல் மேல் பக்க விலாவுக்கு நகர்த்திக் கட்டுங்கள். முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கூடவே எண்ணுங்கள்.