ஆய்வு அழைப்பு மெயில்: வன்னியில் எது எடுபடும், எது குப்பைக்குப் போகும்?

வன்னியில் (இலங்கையின் வடக்கே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம்) ஆய்வுக் கேள்விகளை நிரப்பச் சொல்லி மெயில் அனுப்புவோருக்கு நாலு பேர் சொல்லும் யோசனைகள் இவை. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது பேசுகிறவரின் பெயர்.

குளக்கட்டு (கிளிநொச்சி)

முதலில் அழைப்பு அனுப்பப்போகும் முகவரிப் பட்டியலைப் பாருங்கோ. இங்கே நிறைய மெயில் முகவரிகள் ஏதோ ஒரு விண்ணப்பம் நிரப்பவென்று கொமினிகேஷன் கடையிலோ பிள்ளையின் போனிலோ திறக்கப்பட்டவை. கடவுச்சொல் ஒருவருக்கும் ஞாபகம் இராது. அப்படியான முகவரிக்குப் போன மெயில் திரும்பியும் வராது, பதிலும் வராது. அனுப்பியவர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பார்.

மெயிலால் எட்டக்கூடியவர்கள் ஆசிரியர்கள், பிரதேச செயலக உத்தியோகத்தர்கள், அறிவியல் நகர் (யாழ். பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகம்), வவுனியாப் பல்கலைக்கழக மாணவர்கள், நிறுவனங்களின் கள உத்தியோகத்தர்கள், சில சங்கங்களின் செயலாளர்கள். கமக்காரர், கடற்றொழிலாளர், மாதர் சங்க உறுப்பினர் என்றால் வினாக்கொத்தைக் கையோடு கொண்டுபோய் இருந்து கேட்கவேணும். மெயிலில் வந்த பதில்களை மட்டும் வைத்து “முல்லைத்தீவு மக்களின் கருத்து” என்று அறிக்கை எழுதுவது பெரிய பிழை.

இன்னொன்று. உரமானியக் கூட்டத்திலோ பயிற்சிப் பட்டறையிலோ கையொப்பத் தாளில் எடுத்த முகவரிகளை அப்படியே ஆய்வுக்குப் பாவிக்காதேங்கோ. ஒரு தேவைக்கு வாங்கிய விபரத்தை அதோடு ஒவ்வாத வேறு தேவைக்கு எடுக்கக்கூடாது என்பது 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. சட்டத்தை விட்டாலும், “என்ரை முகவரி இவைக்கு எப்பிடிக் கிடைச்சது?” என்ற கேள்வி எழுந்த இடத்திலேயே பதில் நின்றுபோகும்.

மாங்குளம் சந்தி

அண்ணை சொன்ன அந்தக் கேள்விக்கு மெயிலின் முதல் இரண்டு வரியிலேயே விடை இருக்கவேணும். போனில் தலைப்பின் தொடக்கமும் உள்ளே உள்ள முதல் வரியும்தான் வெளியே தெரியும். தமிழ் எழுத்து அகலம் கூடியது, நாலைந்து சொல்லுக்குமேல் தெரியாது. “மதிப்பீட்டாய்வில் பங்குபற்றுவதற்கான அழைப்பு தொடர்பாக” என்று தொடங்கினால் எதைப் பற்றியது என்று வாசிக்க முன்னமே வரி முடிந்துவிடும். “பாடசாலைக் குடிநீர்: 8 நிமிடக் கேள்விகள்” என்றால் விசயமும் நேரமும் தெரிந்துவிடுகிறது. அந்த 8 நிமிடமும் உண்மையாக இருக்கவேணும். வேறு துறை ஆட்கள் இருவரைப் போனில் நிரப்பச் சொல்லி, கூட எடுத்தவரின் நேரத்தைப் போடுங்கோ.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததை மெயிலில் ஒட்டாதேங்கோ. அனுப்புகிறவரின் கொம்பியூட்டரில் வடிவாகத்தான் தெரியும். வாசிப்பவரின் போனில் அந்த எழுத்துரு இல்லாததால், புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியோடு ஆங்கில எழுத்துக் குவியலாக வந்து நிற்கும். வைரஸ் என்று நினைத்து அழித்துவிடுவார்கள். யூனிகோட்டுக்கு மாற்றி, ஒருமுறை வேறொருவரின் போனுக்கு அனுப்பிப் பார்த்தபிறகு அனுப்புங்கோ. வவுனியா தெற்கு போன்ற இடங்களில் சிங்களம் பேசுவோருக்குச் சிங்களத்தில் தனி மெயில். மூன்று மொழியையும் ஒரே மெயிலில் அடுக்கினால் லிங்க் எங்கேயோ அடியில் கிடக்கும்.

ஒட்டுசுட்டான்

லிங்க் பக்கம் நான் சொல்கிறேன், கூடப் பிழை நடப்பது அங்கேதான்.

கூகிள் போமில் “ஒருவருக்கு ஒரு பதில்” என்று கட்டுப்படுத்தினால் கூகிள் கணக்குக்குள் நுழையச் சொல்லும். கோப்பு ஏற்றும் கேள்வி வைத்தாலும் அதேதான். கடவுச்சொல் ஞாபகமில்லாதவர் அந்த இடத்தோடு போய்விடுவார். நிறுவனக் கணக்கில் செய்த போம் என்றால் வெளியாட்களுக்குத் திறந்திருக்கிறதா என்று, கணக்குக்குள் நுழையாத ஒரு போனில் திறந்து பாருங்கோ. சுருக்கிய லிங்க் வேண்டாம். எங்கே கொண்டுபோகும் என்று தெரியாத லிங்கை இங்கே ஆட்கள் தொட மாட்டார்கள், ஸ்பாம் வடிகட்டிக்கும் அதில் சந்தேகம்.

ஆளுக்கு ஒரு தனி லிங்க் கொடுக்கிறீர்கள் என்றால் ஒரு விசயம். சங்கச் செயலாளர் நல்ல மனதோடு அதை வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். இரண்டாவதாகத் திறப்பவருக்கு “ஏற்கெனவே நிரப்பப்பட்டது” என்று வரும், அல்லது முதல் ஆளின் அரைகுறைப் பதிலே திறக்கும். இரண்டாவது நடந்தால் ஒருவரின் பதிலை ஊரே பார்த்த மாதிரி. “இந்த லிங்க் உங்களுக்கு மட்டும்” என்று லிங்குக்குப் பக்கத்திலேயே எழுதி, பகிர விரும்புவோருக்குக் கீழே வேறொரு பொது லிங்க் கொடுங்கோ. அதால் வரும் பதில்களைப் புறம்பாக எண்ணவேணும்.

முள்ளியவளை அக்கா

தம்பி தனி லிங்க் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லவேணும். தனி லிங்க் கொடுத்துவிட்டு “உங்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது” என்று எழுதாதேங்கோ. யார் பதில் போட்டார், யார் போடவில்லை என்று அனுப்புகிறவருக்குத் தெரியும். “பெயர் தெரியும், வெளியே போகாது” என்பது வேறு, “பெயரே தெரியாது” என்பது வேறு. இந்த மண்ணில் காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், குடும்ப விபரம் என்று யாராவது கேட்டால் சனம் ஏன் தயங்குகிறது என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை. யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்று மூன்று வரியில் எழுதுங்கோ. கேட்டுத் தெளியக்கூடிய ஒரு ஆளின் பெயரும், அடித்தால் எடுக்கும் தொலைபேசி இலக்கமும் அவசியம். பதில் அனுப்பமுடியாத முகவரியிலிருந்து அழைப்பு அனுப்புவது மரியாதையும் இல்லை.

எல்லோருடைய முகவரியையும் வெளியே தெரியப் போட்டு அனுப்புவதும் இன்னும் நடக்கிறது. ஆகக்குறைந்தது பிசிசியில் போடுங்கோ.

குளக்கட்டு (கிளிநொச்சி)

நல்லது அக்கா. எண்ணிக்கையையும் சேர்க்கிறேன். இலவச ஜிமெயிலில் நாளுக்கு 500 பேருக்குமேல் அனுப்பமுடியாது, தாண்டினால் கணக்கு ஒரு நாள் வரை நின்றுவிடும். நிறுவன டொமைனிலிருந்து அனுப்பினால் எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மெயில் உண்மையில் அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் அமைப்புகள்) இரண்டும் சரியாகப் போட்டிருக்கிறதா என்று தொழில்நுட்ப ஆளிடம் கேளுங்கோ. 2024 பெப்ரவரியிலிருந்து கூகிளும் யாகூவும் இதில் கண்டிப்பாக இருக்கின்றன.

நேரம்: ஆசிரியருக்கு 1.30 க்குப் பள்ளி விட்டு வீடு போய்ச் சேர்ந்த பிறகு, உத்தியோகத்தருக்கு காலை 9 மணியளவில், பொதுமக்கள் நாளைத் தவிர்த்து. போயா, பரீட்சைக் காலம், வற்றாப்பளைப் பொங்கல், மடுத் திருவிழா வாரங்களை விடுங்கோ. சங்கச் செயலாளர்களும் கமக்காரர்தான், காலபோக அறுவடை நேரம் மெயில் பார்க்க மாட்டார்கள்.

நினைவூட்டல் இரண்டு போதும். முதலாவது ஐந்தாறு நாள் கழித்து, இரண்டாவது முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் முன். பதில் போட்டவருக்குத் திரும்ப அனுப்பாதேங்கோ.

மாங்குளம் சந்தி

எத்தனை பேர் மெயிலைத் திறந்தார்கள் என்ற கணக்கை நம்பவேண்டாம். 2021 க்குப் பிறகு ஐபோன் மெயில் செயலி, ஆள் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால் திறந்த மாதிரிக் காட்டும். வந்த பதில்களை மட்டும் எண்ணுங்கோ.

முள்ளியவளை அக்கா

முடிவு வந்ததும் தமிழில் இரண்டு பக்கச் சுருக்கத்தை, அழைப்புப் போன அதே முகவரிகளுக்கெல்லாம் அனுப்பிவிடுங்கோ, பதில் போடாதவருக்கும். எத்தனையோ பேர் வந்து கேட்டுக்கொண்டு போன ஊர்கள் இவை. கேட்டதற்கு என்ன நடந்தது என்று திரும்பிச் சொன்னவர்கள் குறைவு. அந்த மெயிலையும் அழைப்பு அனுப்பிய அதே பெயரில், அதே முகவரியிலிருந்து அனுப்பினால்தான் ஆட்கள் அடையாளம் காணுவார்கள்.