அண்ணனோடு சிரிக்காத தங்கை

ஆம்பூர் நண்பர் ஒருவர், சினிமாப் படப்பிடிப்பில் கூட்டக் காட்சியில் நின்ற அனுபவத்தை எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு, நடிக்க வாய்ப்பு எப்படி வருகிறது என்று ராணிப்பேட்டைத் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். 1998-இல் வேலூரில் ஒரு சினிமா விநியோகஸ்தரின் அலுவலகத்தில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

வட ஆற்காடு மாவட்டம் 1989-லேயே பிரிந்துவிட்டது. சினிமா வியாபாரத்தில் மட்டும் அந்தப் பெயர் போகவில்லை. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்தது 'என்.எஸ்.சி. ஏரியா'. படம் முடிவதற்கு முன்பே அதை வெளியிடும் உரிமையை ஏரியா ஏரியாவாக விநியோகஸ்தர்களிடம் விலை பேசி, அந்த அட்வான்ஸில் படப்பிடிப்பை நடத்துவார்கள். போதாததற்குப் பைனான்சியர். படம் பதிவான மூலச் சுருளான நெகட்டிவ்தான் அவருக்கு அடமானம். கடன் தீராமல் லேபிலிருந்து தியேட்டருக்கான பிரிண்ட் வெளியே வராது. வங்கிக் கடனுக்கு வழிவிடும்படி சினிமாவைத் தொழிலாக அங்கீகரிப்பதாக மத்திய அரசு அறிவித்ததும் அந்த 1998-இல்தான். ஆனாலும் எங்கள் அலுவலகத்துக்கு வந்த தயாரிப்பாளர்களில் வங்கிக் கடன் வாங்கியவர் ஒருவரும் இல்லை.

தோல் வியாபாரம் செய்த ஒருவர் புது இயக்குநரை அழைத்துக்கொண்டு வந்தார். அண்ணன், தங்கை கதை. இயக்குநர் வாயைத் திறந்ததுமே எங்கள் முதலாளி கையமர்த்தினார். "கதை இருக்கட்டும் தம்பி, அண்ணன் யார்?" புதுமுகம் என்றதும் காபி வரவழைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். பணம் கிடைத்த பிறகுதான் நடிகரைத் தேடுவார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து, ஓரளவு பெயர் பெற்ற நடிகர் பதினெட்டு நாள் கால்ஷீட், அதாவது நடிக்கத் தேதி, கொடுத்த ஒப்பந்த நகலோடு வந்தார்கள். அன்றைக்கே அட்வான்ஸ் கைமாறியது.

தங்கை வேடத்துக்குக் காட்பாடியில் ஒரு லாட்ஜ் மாடியில் தேர்வு வைத்தார்கள். நானும் உதவிக்குப் போயிருந்தேன். வந்த பெண்கள் எல்லோரும் வசனம் பேசிக் காட்டினார்கள். குடியாத்தத்திலிருந்து நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி அம்மாவோடு வந்திருந்தாள். "இது உன் அண்ணனுடைய லுங்கி, மடித்து வை" என்று மட்டும் இயக்குநர் சொன்னார். அவள் முதலில் கரையை விரலால் நீவி, இழை விட்டிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகுதான் மடித்தாள். இயக்குநர் வேறு யாரையும் கூப்பிடவில்லை. இன்றைக்கும் அந்த விரல்கள் என் கண்ணில் நிற்கின்றன.

படப்பிடிப்பு சித்திரை வெயிலில். வேலூர்க் கோட்டை தொல்லியல் துறையின் கையில் இருப்பதால் அனுமதிக் கடிதத்துக்கு அலைந்து, கடைசியில் பாலாற்று மணலிலேயே தொடங்கினோம். வேலூருக்கு நடிகர் ஒதுக்கியது மூன்று நாள்தான். அதனால் அங்கே எடுக்கவேண்டிய கதையின் கடைசிக் காட்சிகள் முதலில். அண்ணனோடு ஒரு வார்த்தைகூடப் பேசி நடிக்காத அந்தப் பெண், முதல் நாளே அவன் உடல்மீது விழுந்து அழவேண்டும். அவளுக்கு அழுகை வரவில்லை. உதவி இயக்குநரைக் கூப்பிட்டு, "வீட்டில் அண்ணன் என்னை எப்படிக் கூப்பிடுவார்?" என்று கேட்டாள். "பாப்பா" என்றார். அதை இரண்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அடுத்த டேக்கில் குடை பிடித்துக்கொண்டிருந்தவர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வேறு ஏரியாக்கள் விலைபோகாததால் பன்னிரண்டாம் நாள் பணம் நின்றது. மறுபடி தொடங்க ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குள் அந்தப் பெண் வேண்டுதலுக்காகத் திருத்தணியில் முடியிறக்கியிருந்தாள். படம் அவ்வளவுதான் என்று அவளிடம் சொல்லியிருந்தவர்கள் நாங்கள்தான். விக் வைத்துப் பார்த்தார்கள், முன்பு எடுத்ததோடு ஒட்டவில்லை. முடி வளரக் காத்திருக்க நடிகரின் தேதியும் இல்லை, பைனான்சியரின் வட்டியும் விடவில்லை. அவளுடைய மீதிக் காட்சிகளை வெட்டிவிட்டார்கள்.

ராணிப்பேட்டைத் தங்கைக்கு: தேர்வானதும் இருக்கும் வேலையை விட்டுவிடாதீர்கள். எத்தனை நாள் ஷெட்யூல், அதற்கான பணம் கையில் இருக்கிறதா என்று மேனேஜரிடம் நேரடியாகக் கேளுங்கள். இன்று ஏரியாவோடு ஓடிடி உரிமையும் சேர்ந்திருக்கிறது, முதல் கேள்வி இன்னும் "ஹீரோ யார்?" என்பதுதான்.

படம் வெளியானபோது அந்தத் தாயும் மகளும் குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். டிக்கெட்டை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இடைவேளையில் அந்த அம்மா, "என் பெண் இன்னும் வரவே இல்லையே" என்றார். கடைசியில் வருவாள் என்று சொன்னேன்.